வியாழன் பின்னேரங்களில் விளையாடப் போனவளுக்கு

நேற்றுப் பின்னேரம் உன் அண்ணன் முப்பத்தோராம் நாள் நினைவு மலரைக் கொண்டுவந்து தந்தார். மேசையில் வைத்ததும் அச்சு மை மணத்தது. முன்பக்கத்தில் நீ. உன் அண்ணன் மகளின் கல்யாணப் படத்திலிருந்து உன்னை மட்டும் வெட்டி எடுத்து, சுற்றிவர மல்லிகைப்பூ வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்றவளின் தோள் கொஞ்சம் வெட்டுப்படாமல் தப்பியிருக்கிறது. பச்சைச் சேலை. அது என் தோள். படத்துக்குக் கீழே, ‘பிறருக்காகத் தன்னை உருக்கி ஒளி தந்த மெழுகுவர்த்தி’ என்று எழுதியிருக்கிறது.

அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். பிறகு மலரை மூடிவிட்டு, கொப்பி எடுத்து இதை எழுதத் தொடங்கினேன். கோயில் மலருக்கு எழுதுகிறவள் என்று என்னிடம்தான் முதலில் கேட்டார்கள். மலரில் என் எழுத்து ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிடவேண்டும்: நீ மெழுகுவர்த்தி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

மலரில் பொய் எதுவும் இல்லை. நீ பேசாலைக் கடற்கரையில் பிறந்தாய். இருபத்தாறு வயதில் சிசிலிக்கு, இந்தப் பலெர்மோ நகருக்கு வந்து வீட்டு வேலைக்குப் போனாய். அண்ணனை இங்கே எடுப்பித்தாய், இரண்டு தங்கைமாருக்குக் கல்யாணம் செய்துவைத்தாய், நீ செய்யவில்லை. எல்லாம் நடந்ததுதான். ஆனால் அந்தப் பதினாறு பக்கத்தையும் வாசிக்கிற ஒருவருக்கு நீ சிரிக்கத் தெரிந்தவள் என்று தெரியவராது. பஸ்ஸுக்குள் நீ சிரித்தால் சாரதி திரும்பிப் பார்ப்பான். அது அவர்களுக்கு ஞாபகம் இல்லையா, இல்லை ஞாபகம் இருப்பதால்தான் விட்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஊரில் வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் சொந்தம். ஞாயிறு கோயிலுக்கும், கோயில் முடிந்து வருகிற சனத்துக்குச் சமைப்பதற்கும் போய்விடும். மிஞ்சுவது வியாழன். நீ பொலிதேயாமா சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாடி வீட்டில், நடக்க முடியாத ஒரு வயதான சின்யோராவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டு அம்மாமாரை இங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவது. நான் மணித்தியாலக் கணக்கில் நாலு வீடு துடைக்கிறவள். உனக்காக வியாழன் பின்னேரத்தை வெறுமையாக வைத்திருப்பேன். வருடக்கணக்காக அந்தச் சதுக்கத்து வாங்கில் உட்கார்ந்து, வாங்கமாட்டாத சப்பாத்துகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து, ஊருக்கு ரெலிபோன் எடுத்து, ஐந்தரைக்குப் பிரிவோம்.

ஆறு வருடத்துக்கு முந்திய அந்த ஏப்ரல் வியாழன் தெற்கிலிருந்து சூடாகக் காற்று அடித்தது. நீ என்னைக் கேட்காமலே ஸ்ஃபெர்ராகவால்லோ பஸ்ஸில் ஏறினாய். கடலைப் பார்ப்போம் என்றாய். கடலைப் பார்த்தோம். மீன் உணவகங்களுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையால் பஸ்ஸுக்குத் திரும்பி வரும்போது, ஒன்றோடொன்று கட்டை மோதுவதுபோல ஒரு சத்தம். நீ நின்றுவிட்டாய்.

கம்பி வேலிக்கு உள்ளே நீளமான மணல் களம். சுற்றிவரப் பலகை அடித்திருந்தது. தொப்பி போட்ட வயதான ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் ஒரு சின்னக் குண்டை உருட்டிவிட, மற்றவர்கள் தேங்காயளவுப் பெரிய குண்டுகளை அதற்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தார்கள். யாருடைய குண்டு கிட்ட நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. அவ்வளவுதான் விளையாட்டு. நீ வேலிக் கம்பியில் விரல்களைக் கோத்துக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தாய்.

கடைசியில் மெலிந்த ஒரு கிழவர் தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு எங்களிடம் வந்தார். முந்திக் கடற்றொழில் செய்தவர், இப்போது அந்தக் கழகத்தின் தலைவர், மணலுக்குத் தண்ணீர் தெளிப்பவரும் அவர்தான் என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். அவரை எல்லாரும் தொன் தூரி என்றார்கள். வெளியே நின்றால் கால் நோகும், உள்ளே கதிரை இருக்கிறது என்றார். நான் உன் கையை இழுத்தேன்.

“வா, போவம். ஆம்பிளையள் விளையாடுற இடம்.”

“கதிரை இருக்காம்,” என்றாய் நீ. “எனக்குக் கால் நோகுது.”

உள்ளே போனோம். கதிரையில் நீ ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை. தொன் தூரி ஒரு குண்டை உன் கையில் தந்தார். அதன் பாரத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். “சின்னனில அண்ணாக்கள் கடற்கரையில கிரிக்கெட் அடிக்கேக்கை, கடலுக்கை போற பந்தை நான்தான் ஓடிப்போய் எடுத்துக் குடுக்கிறனான். ஒருக்காலும் எறிய விட்டதில்லை.” சொல்லிக்கொண்டே எறிந்தாய். உருட்டவில்லை, எறிந்தாய். அது களத்தின் அந்தலையில் இருந்த பலகையில் போய் இடித்த இடியில் மேசையில் இருந்த கோப்பிக் கோப்பை கவிழ்ந்தது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம்போல இருந்தது. ஒருவரும் ஏசவில்லை. காது கேளாத, ஓய்வுபெற்ற தபால்காரர் நீனோ கையை உயர்த்தி, இருபது வருடத்துக்குப் பிறகு தனக்கு இன்றைக்குத்தான் ஒரு சத்தம் கேட்டது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீதான் பெரிதாகச் சிரித்தாய்.

மூன்றாவது வியாழன் தொன் தூரி எங்களிடம் படம் இரண்டு கொண்டுவரச் சொன்னார். நான்காவது வியாழன் ஆளுக்கொரு அங்கத்துவ அட்டை. நீலக் கரை, உன் படம், உன் பெயர், பெயருக்குக் கீழே ‘விளையாட்டு வீராங்கனை’ என்ற பொருளில் ஒரு இத்தாலியச் சொல். திரும்பி வருகிற பஸ்ஸில் கைப்பையைத் திறந்து உன் வதிவிட அனுமதி அட்டையை, பெர்மெஸ்ஸோவை எடுத்து, இந்த அட்டையை அதன் பக்கத்தில் மடியில் வைத்தாய். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாய்.

“பெர்மெஸ்ஸோவில நான் வேலைக்கு வந்தவள் எண்டு கிடக்கு,” என்றாய். “வேலை ஒப்பந்தத்திலையும் அதுதான், மருந்துக் கார்ட்டிலையும் அதுதான். இருபது வருஷத்தில இஞ்சை எனக்குக் கிடைச்ச கடுதாசியள் எல்லாத்திலையும் அதுதான். இதில மட்டும்தான் நான் விளையாட வந்தவள் எண்டு போட்டிருக்கு.”

உன் இரண்டு கண்ணும் கலங்கியிருந்தன. உடனே அதை மறைக்க, விளையாட்டின் பெயரை வைத்துப் பகிடி விடத் தொடங்கினாய். அவர்கள் இதைப் போச்சே என்கிறார்களே, எங்கள் ஆட்கள் கேட்டால் எல்லாம் போச்சே என்று ஒப்பாரி வைக்கிற விளையாட்டு என்றல்லவா நினைப்பார்கள் என்றாய். சாரதி திரும்பிப் பார்த்தான்.

உண்மையைச் சொன்னால் நீ நன்றாக விளையாடுகிறவள் இல்லை. எனக்குக் கை நிதானம், குண்டு நான் சொன்ன இடத்தில் நிற்கும். நீ ஆறு வருடமும் வேகத்தைக் குறைக்கவே இல்லை. முதல் வருடம் நாங்கள் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. உனக்கு அதில் ஒரு கவலையும் இருக்கவில்லை. குண்டு உருளும்போது நீ களத்தின் ஓரமாக அதோடு கூட ஓடி, “வா, வா, வா” என்று கூப்பிடுவாய். அவர்கள் தங்கள் பாஷையில் குண்டைப் ‘போ, போ’ என்பார்கள். நீ ‘வா’ என்பாய். அந்தக் கோடை முடிவதற்குள் தொன் தூரியும் வா என்று கூப்பிடத் தொடங்கினார். சிசிலிக் கிழவர் பன்னிரண்டு பேர் தமிழில் ஒரு குண்டை அழைப்பதை நான் என் காதால் கேட்டேன். நீ மீன் ரோல்ஸ் சுட்டுக்கொண்டு போவாய். உறைப்பில் கண்ணீர் வடிய வடியத் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்பார்கள். பஸ் பிந்தினால், ‘பெண்கள் இன்னும் வரவில்லை’ என்று ஆட்டத்தை நிறுத்திவைத்திருப்பார்கள். எங்களுக்காக இந்த ஊரில் யாரும் அதுவரை எதையும் நிறுத்திவைத்ததில்லை.

கதை வெளியில் வராமல் இருக்குமா? ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு உணவகக் குசினியில் வேலை செய்கிற எங்கள் ஆள் ஒருவர் கண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் உன் அண்ணன் உன்னை மறித்தார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். வயது போன காலத்தில் வெள்ளைக்காரக் கிழவர்களோடு குண்டு உருட்டுகிறாயாம், சனம் கதைக்கிறது, இதென்ன கோலம் என்று கேட்டார். கத்தவில்லை. கெஞ்சுவதுபோலத்தான் கேட்டார். உன் பதில் எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

“எந்த வயசில விளையாடியிருக்க வேணும் எண்டு சொல்லுங்கோ அண்ணா. அந்த வயசில நீங்கள் என்னை எங்கை விட்டனீங்கள்?”

அவர் பக்கத்தில் நின்ற தன் கடைசிப் பிள்ளையின் கையைப் பிடித்தார். நீ அந்தப் பிள்ளைக்குக் கன்னத்தில் ஒரு கொஞ்சல் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாய்.

எனக்கு அந்தத் துணிவு இருக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். என் மனுசனுக்கு நான், வியாழன்களில் ஜெபமாலைக் கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். சப்பாத்தில் ஒட்டியிருக்கிற மணலைப் படியில் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன். நீ எனக்குப் புத்தி சொன்னதே இல்லை. ஒரே ஒரு நாள் மட்டும், “பொய் சொல்லுறதெண்டால் சொல்லு. மாதாவை ஏனெடி அதுக்குள்ள இழுக்கிறாய்?” என்று கேட்டாய்.

அடுத்த வருடம் ஆனி மாதம் சின்யோராவின் மகள் வந்து, இனி வியாழன் பின்னேரங்களிலும் நீ வீட்டில் நிற்கவேண்டும் என்றாள். தனக்கு ஏதோ வகுப்பு இருக்கிறதாம். நீ முடியாது என்றாய். பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டில் நீ சொன்ன முதல் ‘முடியாது’ அது. அப்படி வியாழக்கிழமைகளில் உனக்கு என்ன வேலை என்று அவள் கேட்டிருக்கிறாள். வேலை இல்லை, விளையாட்டு என்று சொல்லியிருக்கிறாய். அவள் சிரித்திருக்கிறாள். ஏசியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன், சிரித்தவுடன் எனக்குள் என்னவோ இறுகிப்போச்சு என்று பிறகு சொன்னாய். ஒரு கிழமை தவணை தந்தாள். அந்தக் கிழமை முடிந்த வியாழன் காலை, பெரிய சூட்கேசோடு நீ என் வீட்டு வாசலில் நின்றாய்.

நான் பயந்துபோனேன். நீ தேத்தண்ணீர் கேட்டாய். குடிக்கும்போதுதான் அழுதாய். மகளுக்காக இல்லை. கிளம்பும்போது அந்தக் கிழவி உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். ஒவ்வொரு விரலாக நீயே விலக்கவேண்டி வந்ததாம். “சரியோ பிழையோ தெரியேல்லை எடி,” என்றாய். “ஆனா திரும்பிப் போகமாட்டன்.”

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பொலிதேயாமா ஓரமாக நடந்து வரும்போது, சுவரில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில் சின்யோராவின் பெயரைக் கண்டாய். அதுவரை எத்தனையோ தரம் பார்க்கக் கேட்டும் மகள் கதவு திறக்கவில்லை. சுவரின் முன்னால் நின்று சிலுவை போட்டாய். விட்டுவிட்டு வந்தது மனதுக்குக் கஷ்டமா என்று நான் கேட்டேன். வந்ததுக்கு இல்லை, பார்க்க விடாததுக்குத்தான் என்றாய். அதற்குமேல் நீ அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

அந்தச் சூட்கேஸ் நாளுக்கு வருகிறேன். பின்னேரம் வந்ததும் நீ எழும்பிச் சப்பாத்தைப் போட்டாய். இன்றைக்குமா என்றேன். “இண்டைக்கு விளையாடாட்டி நான் ஏன் வேலையை விட்டனான்?” என்றாய். சூட்கேசையும் இழுத்துக்கொண்டு வந்தாய். என் மனுசன் என்னை முந்தி வீட்டுக்கு வந்து அதைக் கண்டால் கேள்வி கேட்பார் என்று நான் சொன்னதால். அதைக் களத்தின் ஓரத்தில், கோப்பி மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தோம். தொன் தூரி சூட்கேசைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், பிறகு மணலைச் சமப்படுத்தப் போனார்.

அன்றைக்கு எங்களுக்கு எதிராக நீனோவும் இன்னொருவரும். ஆட்டத்தின் நடுவில் உன் குண்டு ஒன்று, பெரிய அதிசயமாக, சின்னக் குண்டுக்குக் கிட்டப் போய் நின்றது. நீனோவின் குண்டும் கிட்டத்தான் நின்றது. நீனோ வழக்கம்போலத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு குனிந்தார். வழக்கமாக நாங்கள் தலையாட்டுவோம். விருந்தாளிகள்தானே என்கிற நினைப்பு எங்களை விட்டுப் போயிருக்கவில்லை. நீ ஓடிப்போய் இரண்டு குண்டுக்கும் நடுவில் நின்றாய். அளக்கவேண்டும் என்றாய். நீனோவுக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாய். தேவையில்லை, தெளிவாகத் தெரிகிறது என்றார் அவர். “எனக்குத் தெரியேல்லை. அளவுங்கோ,” என்று தமிழில் கத்திவிட்டு, பிறகு இத்தாலியனில் கத்தினாய். எல்லாரும் கிட்ட வந்தார்கள். தொன் தூரி முழங்கால் இரண்டையும் மணலில் ஊன்றி, அளவு நாடாவை இழுத்து, ஒரு தரம் அளந்தார். திரும்ப அளந்தார். ஒரு விரலின் அரைவாசி. உன்னுடையதுதான் கிட்ட.

நீனோ தொப்பியைக் கழற்றி உனக்குத் தலை வணங்கினார். நாங்கள் அந்த ஆட்டத்தில் பன்னிரண்டுக்கு மூன்று என்று தோற்றோம். நீயோ வென்றவளைப்போலத்தான் பஸ் ஏறினாய்.

வீட்டுக்கு வந்தால் என் மனுசன் எங்களுக்கு முந்தியே வந்திருந்தார். நீ சூட்கேசோடு வாசலில் நிற்கிறாய். என்ன நடந்தது, எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். நீ சூட்கேசைச் சுவரோடு சாய்த்து வைத்தாய். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, எனக்காகப் பொய் சொல்லவும் இல்லை. இருபத்தைந்து மீற்றர் மணலில் ஒரு விரல் அகலத்துக்காக நீ போட்ட சண்டை என் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் ஜெபமாலைக்குப் போறேல்லை,” என்றேன். “ஒரு வருஷமா வியாழக்கிழமையில போச்சே விளையாடப் போறனான்.”

“என்ன போச்சு?” என்றார் அவர்.

“ஒண்டும் போகேல்லை. அது விளையாட்டின்ர பேர்.”

நீ அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாய். அவர் சிரிக்கவில்லை. விளையாடியதற்காக இல்லை, ஒரு வருடம் தன்னைப் பேயனாக்கியதற்குத்தான் கோபம் என்றார். அது நியாயம். மன்னிப்புக் கேட்டேன். ஆனால் இனிப் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. அவர் அந்தச் சொல்லுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார், நான் சொல்லவில்லை. நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. உனக்கு மட்டும் சோறு போதுமா என்று கேட்பார். ஐந்தாம் நாள் சாப்பிடும்போது, பார்வையைச் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து எடுக்காமல், எத்தனை புள்ளி எடுத்தால் வெற்றி என்று கேட்டார். நீ கரண்டியாலும் உருளைக்கிழங்காலும் விளங்கப்படுத்தினாய்.

நீ எங்களோடு இரண்டு மாதம் இருந்தாய். பிறகு பகேரியாவில் மூன்று வீட்டில் வேலை பிடித்தாய். இங்கே இரண்டு பெண்களோடு ஒரு அறை. விடிய ரெயில், பின்னேரம் ரெயில். வேலை முந்தியதைவிடக் கடினம். ஆனால் வியாழன் பின்னேரம் எவர் வீட்டுக்கும் இல்லை என்று முதல் நாளே சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தாய். ஒரு வீட்டுக்காரி என்ன காரணம் என்று கேட்டாளாம். காரணம் சொல்லவேண்டுமா என்று திருப்பிக் கேட்டாயாம்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பகேரியா ஸ்ரேசனில் ரெயிலால் இறங்கி நாலடி நடந்து விழுந்தாயாம். இருதயம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது என்றார்கள். ஐம்பத்திரண்டு வயது. அதற்கு முந்திய வியாழன் நீனோவிடம் ஆறு புள்ளியால் தோற்றிருந்தாய். அடுத்த கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் காதுக்குள் கத்திவிட்டு வந்தாய்.

அடக்கப் பூசைக்குக் கழகத்து ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். நீல மேற்சட்டை, சவரம் செய்த முகம், கையில் தொப்பி. கோயிலின் கடைசி வாங்குகளில் வரிசையாக நின்றார்கள். எங்கள் பாட்டு அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் எல்லாரும் எழும்பும்போது எழும்பி, முழங்காலிடும்போது முழங்காலிட்டார்கள். பெட்டி மூட முதல் தொன் தூரி முன்னுக்கு வந்தார். அவர் உள்ளங்கையில் களத்துச் சின்னக் குண்டு, பல்லீனோ. உன்னோடு வைக்கலாமா என்று கேட்டார். உன் அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார். கோயிலுக்குள் இதெல்லாம் எதற்கு என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார், நான் அவர்களுக்கு மொழிபெயர்த்து அனுப்பிவிடுவேன் என்று நினைத்து.

நான் மொழிபெயர்க்கவில்லை. தொன் தூரியின் கையிலிருந்து அதை வாங்கி, உன் கோர்த்த கைகளுக்குக் கீழே, ஜெபமாலைக்குப் பக்கத்தில் வைத்தேன். நூறு நூற்றைம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் விரல்களை அதன்மேல் சரிப்படுத்திவிட்டேன். உன் அண்ணன் என்னைப் பார்த்தார். எடுக்கச் சொல்வார் என்று காத்து நின்றேன். அவர் சொல்லவில்லை, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உன்னை நேசித்தார். அவர் நேசித்த உனக்கு விளையாட்டு ஒன்று இருந்தது என்பதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை. அப்படி ஒப்புக்கொண்டால், நீ அதுவரை விளையாடாமல் இருந்த வருடங்கள் யாருக்காகப் போயின என்று கணக்குப் பார்க்கவேண்டி வரும் அல்லவா.

பிறகு ஒரு கிழமை கழித்து வீட்டுக்கு வந்து, மலருக்கு எழுதித் தரக் கேட்டார். நீ எப்படி வந்தாய், எப்படி உழைத்தாய், எல்லாம் எழுதச் சொன்னார். “அந்தப் போச்சே கதை மட்டும் வேண்டாம் தங்கச்சி. ஊரில வாசிப்பினம். ஒரு மாதிரி நினைப்பினம்.”

“அப்பிடியெண்டால் நான் எழுதேல்லை,” என்றேன்.

“நாலு வரிதானே, விட்டால் என்ன?”

“அந்த நாலு வரியிலதான் அவள் இருக்கிறாள், அண்ணா. மிச்சத்தில எல்லாம் நீங்கள்தான் இருக்கிறீங்கள்.”

சொன்ன பிறகு, கூடிப்போய்விட்டதோ என்று இரண்டு நாள் நித்திரை வரவில்லை. இப்போது அப்படி நினைக்கவில்லை. வேறொருவர் எழுதினார். மெழுகுவர்த்தி வந்தது.

ஆகவே நான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் நினைவுத் திருப்பலி. இந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்து, பூசை முடிந்து வெளியே வருகிற பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் வாசலில் நின்று கொடுக்கப்போகிறேன். விருப்பமானவர்கள் வாசிக்கட்டும், விருப்பமில்லாதவர்கள் கிழிக்கட்டும். இதுவரை எழுதியதை என் மனுசனிடம் காட்டினேன். கோயில் வாசலில் சண்டை வரும் என்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் வாசித்தார். “சூட்கேஸ் கொண்டு போன அண்டைக்கு நீங்கள் தோத்தது பன்னிரண்டுக்கு மூண்டில்லை, நாலு,” என்றார். “அவ எத்தினை தரம் இந்த மேசையில இருந்து சொன்னவ. திருத்து.” நான் திருத்தவில்லை, அவர் சொன்னதையும் சேர்த்து இப்படியே விடுகிறேன்.

உன்னிடமிருந்து எனக்கு வந்தது என்ன என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். இப்போது என்னை நீனோவோடு சோடி சேர்த்திருக்கிறார்கள். அவருக்குக் காது கேளாது. களத்தின் இந்தலையிலிருந்து அந்தலைக்கு நான் கத்தவேண்டும். முதல் நாள் என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் நான் மெதுவாகத்தான் கதைத்து வந்திருக்கிறேன். மாடிப்படிகளில், சின்யோராமாரின் குசினிகளில், பஸ்ஸில், வரிசைகளில். யாரும் மெதுவாகக் கதை என்று சொன்னதுகூட இல்லை, நானாகவே பழகிக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கடுதாசி அலுவலாக ஒரு அலுவலகத்துக்குப் போனேன். என் இலக்கம் வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். உள்ளே இருந்தவர், என் மகனின் வயது இருக்கும், எனக்குப் பின்னால் நின்ற ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு, நீ அங்கே தள்ளி நில் என்று கையைக் காட்டினார். நீ என்றார், நீங்கள் என்று சொல்லவில்லை. முந்தியென்றால் தள்ளி நின்றிருப்பேன். நான் நகரவில்லை. இது என் இலக்கம், நான் உங்களை நீங்கள் என்றுதான் சொல்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள் என்றேன். நீனோவுக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சிவந்தது. சின்யோரா, கொஞ்சம் மெதுவாகக் கதையுங்கள் என்றார்.

நான் மெதுவாகக் கதைக்கவில்லை.